இரட்டை கார்புரேட்டர் பேலன்ஸ்: எந்தக் கருவி எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "கார்புரேட்டர் பேலன்ஸ் பண்ண என்ன கருவி வாங்கட்டும்?" நான் பதிலுக்கு, "டாப்பெட் கேப் (வால்வு இடைவெளி) பார்த்தீர்களா?" என்று கேட்பேன். பலருக்கு அது பிடிப்பதில்லை. கருவிகளைப் பற்றியும், கருவி பழி சுமக்கும் மற்றக் கோளாறுகளைப் பற்றியும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

பேலன்ஸ் என்றால் சரியாக என்ன?

எம்ஜிபி காரில் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். ஜாகுவார் ஈ-டைப்பின் ஆறு சிலிண்டர் இன்ஜினில் 2 அங்குல எஸ்யூ எச்டி8 மூன்று. லோட்டஸ் எலானில் இரட்டை வாய் வெபர் இரண்டு, அதாவது சிலிண்டருக்கு ஒரு வாய். எத்தனை இருந்தாலும் எல்லாம் ஒரே ஆக்சிலரேட்டர் பெடலில்தான் தொங்குகின்றன. பெடலை எந்த அளவு மிதித்தாலும் ஒவ்வொன்றும் ஒரே அளவு காற்றை உள்ளே விட வேண்டும். பேலன்ஸ் அவ்வளவுதான்.

இது ஐட்லிங்கில்தான் அதிகம் படுத்தும். த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக் கிடக்கும்போது காற்று போகிற வழியே மயிரிழை. அதில் ஒரு மயிரிழை கூடினால் காற்று இரு மடங்கு. ஒரு கார்புரேட்டர் இன்ஜினையே சுமக்கும், மற்றது சும்மா கூடப் போகும். கார் நின்ற இடத்தில் குலுங்கும், கியர் ஷிஃப்ட் கம்பி நடுங்கும், மெதுவாகப் போகும்போது வண்டி வெட்டி வெட்டி நகரும். த்ராட்டில் முழுக்கத் திறந்த பிறகு அதே மயிரிழை ஒரு பொருட்டே இல்லை.

பேலன்ஸும் மிக்ஸ்சரும் ஒன்றா?

இல்லை. பேலன்ஸ் காற்றைப் பற்றியது, மிக்ஸ்சர் அந்தக் காற்றில் எவ்வளவு பெட்ரோல் என்பது. முதலில் பேலன்ஸ், பிறகு மிக்ஸ்சர், பிறகு மறுபடி பேலன்ஸ். மிக்ஸ்சரைத் தொட்டதும் ஐட்லிங் மாறும் என்பதால் இந்த மூன்றாவது சுற்றைத் தவிர்க்க முடியாது.

கருவியை எடுப்பதற்கு முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

இன்ஜின் காற்றை இழுக்கிற பம்ப். பம்பே சரியில்லை என்றால் வாயில் வைக்கிற கருவி என்ன செய்யும்? ஆகவே டாப்பெட் கேப், பாயிண்ட் கேப் (லூக்கஸ் 25டி டிஸ்ட்ரிபியூட்டரில் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை), டைமிங், பிளக், கம்ப்ரஷன் என்ற வரிசையில் முடித்துவிட்டு வாருங்கள். "கார்புரேட்டர் கோளாறு" என்று வந்த வண்டியில் இக்னிஷன் கண்டென்சரை மாற்றிவிட்டுத் திருப்பி அனுப்பியது எனக்கு ஒரு முறை இரு முறை அல்ல, பல முறை நடந்திருக்கிறது.

அடுத்தது ஏர் லீக். மேனிஃபோல்டு கேஸ்கெட், பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், இவற்றோடு முக்கியமாக த்ராட்டில் ஸ்பிண்டில், அதாவது த்ராட்டில் தகட்டைச் சுமக்கும் தண்டு. ஸ்பிண்டில் நுனியை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் அந்த வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று அர்த்தம். இன்ஜின் ஓடும்போது அந்த இடத்தில் கொஞ்சம் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பாருங்கள்; ஐட்லிங் ஏறினாலோ இறங்கினாலோ அங்கே ஓட்டை இருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்திலேயே இருப்பதால் துளி போதும், அதுவும் சூடு ஏறுவதற்கு முன்னால்.

கருவியே வாங்காமல் முடியுமா?

முடியும். அரை மீட்டர் ரப்பர் ஹோஸ் போதும். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். "ஸ்ஸ்ஸ்" என்ற சத்தம் கேட்கும். அடுத்த கார்புரேட்டரில் வைத்தால் அதே சுதியில், அதே கனத்தில் கேட்க வேண்டும். அதிகக் காற்று இழுப்பது கனமாகச் சீறும்.

சூட்சுமம் ஒன்றுதான்: ஹோஸ் முனையை இரண்டிலும் அச்சு அசலாக ஒரே இடத்தில் வைக்க வேண்டும். வாயின் அடி விளிம்பில் ஒரு சத்தம், நடுவில் வேறு சத்தம். நான் கீழ் விளிம்பின் நடுப்பகுதியில் சுண்டு விரலை அண்டக் கொடுத்து, அதன் மேல் ஹோஸை வைப்பேன். மற்றக் காதை அடைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒன்றும் பிடிபடாது. நாலைந்து முறை செய்தபின் கருவி காட்டாத வித்தியாசம்கூடக் காதுக்குத் தெரியும்.

காது கேட்பது குறைந்தவர்களுக்கும், பக்கத்தில் மின்விசிறி இரைகிற இடத்தில் வேலை செய்பவர்களுக்கும் இது தோதுப்படாது. அவர்களுக்குத்தான் கருவி.

யூனிசின் எப்படி? விலை குறைவாக இருக்கிறதே.

அதை வைத்து நல்ல வேலையும் பார்க்கலாம், ஏமாறவும் செய்யலாம். வாயை மூடுகிற வட்டத் தட்டு, நடுவில் திருகி ஏற்றி இறக்கக்கூடிய சிறிய தகடு, பக்கத்தில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு மிதவை. கார்புரேட்டர் வாயில் அழுத்தினால் மிதவை மேலே எழும். முதல் கார்புரேட்டரில் மிதவை குழாயின் பாதியில் நிற்கும்படி தகட்டைத் திருகி வைத்துவிட்டு, அந்தத் தகட்டைத் தொடாமல் அடுத்ததில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் இது காற்றுப் பாதையையே நெரிக்கிறது. வைத்தவுடன் இன்ஜின் தடுமாறும், நீங்கள் அளப்பது அந்தத் தடுமாற்றத்தை. ஆகவே இரண்டு மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்காதீர்கள். எடுத்துவிட்டு இன்ஜின் பழைய வேகத்துக்கு வந்தபின் மறுபடி வையுங்கள். கண்ணாடிக் குழாய் நேர்ச் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. எம்ஜிபியில் கார்புரேட்டர் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். குழாயும் கூடவே சாய்ந்தால் மிதவை சுவரில் உரசி நின்றுவிடும்.

மிதவை எந்தக் கோட்டில் நின்றது என்பதற்குத் தனியாக மதிப்பு எதுவும் இல்லை. இரண்டிலும் ஒரே கோடா என்பது மட்டும்தான் விஷயம்.

சிங்க்ரோமீட்டருக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா?

வெபர், டெல்லார்டோ, சோலெக்ஸ் வைத்திருந்தால் கொடுக்கலாம். ஜெர்மன் தயாரிப்பான எஸ்டிஇ சிங்க்ரோமீட்டரில் முள் காட்டுவது மணிக்கு எத்தனை கிலோ காற்று என்ற கணக்கு. நெரிப்பு யூனிசினைவிடக் குறைவு என்பதால் இன்ஜின் ஓரளவு சுபாவமாகவே ஓடும், நிதானமாகப் படிக்கலாம். எண் கிடைப்பதால் நோட்டில் எழுதி வைத்து அடுத்த ஆண்டு ஒப்பிடவும் செய்யலாம். வாயோடு அது பொருந்தி உட்கார வேண்டும், ட்ரம்பெட் (வாயில் மாட்டும் புனல்) இருந்தால் அதற்கேற்ற அடாப்டர் தேவைப்படும். விளிம்பில் இடைவெளி விட்டால் எண் பொய்.

எஸ்யூ இரண்டு மட்டும் உள்ளவருக்கு இது ஆடம்பரம் என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் தேய்ந்த ஸ்பிண்டில் புஷ்ஷை மாற்றிவிடலாம்.

எஸ்யூவுக்கு வளைந்த கம்பி இரண்டு கொடுக்கிறார்களே, அது எதற்கு?

எனக்குப் பிடித்த கருவி அதுதான். எஸ்யூவில் காற்றோட்டத்துக்கு ஏற்பப் பிஸ்டன் தானாக மேலே எழும், கூடவே ஊசியும் எழுந்து பெட்ரோலை அளந்து விடும். அதாவது பிஸ்டனின் உயரமே காற்றின் அளவு. கார்புரேட்டருக்குள்ளேயே ஒரு மீட்டர் இருக்கும்போது வெளியே இன்னொன்று எதற்கு?

டாஷ்பாட் (பிஸ்டனுக்கு மேலுள்ள கிண்ணம்) மூடியையும் டாம்பரையும் (பிஸ்டன் துள்ளாமல் எண்ணெயில் அடக்கும் தண்டு) கழற்றிவிட்டு, அந்தத் துளைக்குள் எல் வடிவக் கம்பி ஒன்றொன்றைச் செருகுங்கள். இரண்டு நுனிகளும் நடுவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். இன்ஜின் அணைந்திருக்கும்போது நுனிகள் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஓடவிட்டு 1,500 ஆர்பிஎம்முக்கு மெல்ல ஏற்றினால் இரண்டு நுனியும் சேர்ந்தே எழ வேண்டும். ஒன்று முன்னால் எழுந்து மற்றது பின்னால் வந்தால் லிங்கேஜில், அதாவது த்ராட்டில்களை இணைக்கும் கம்பிகளில், ஆட்டம். ஒன்று எழுந்துவிட்டுத் திரும்ப இறங்க மறுத்தால் பிஸ்டன் சிக்குகிறது, அதைக் கழற்றித் துடையுங்கள்.

டாம்பர் இல்லாததால் நுனிகள் கொஞ்சம் துள்ளும். சராசரியைக் கண்ணால் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டாஷ்பாட்டிலும் ஒரே நிற ஸ்பிரிங், ஒரே எண்ணுள்ள ஊசி இருந்தால் மட்டுமே இந்த ஒப்பீடு செல்லும். கைமாறி வந்த காரில் இதை நம்பிவிடாதீர்கள், திறந்து பாருங்கள்.

எஸ்யூ இரண்டை முதலிலிருந்து எப்படிச் செய்வது?

இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், சோக் முழுக்க உள்ளே. ஏர் ஃபில்டர்களைக் கழற்றுங்கள். அடுத்ததைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: இரண்டு த்ராட்டில்களையும் இணைக்கும் கம்பியின் கிளாம்ப் நட்டுகளைத் தளர்த்துங்கள். சோக் இணைப்பையும் அப்படியே. இவை இறுக்கமாக இருக்கும்வரை ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் இரண்டும் நகரும், ராத்திரி வரை திருப்பிக்கொண்டே இருக்கலாம்.

ஐட்லிங் ஸ்க்ரூ இரண்டையும் த்ராட்டில் முழுக்க மூடும்வரை பின்னால் எடுத்து, அது தொடும் இடத்திலிருந்து இரண்டிலும் ஒரே அளவு, ஒன்றோ ஒன்றரையோ சுற்று, உள்ளே கொடுங்கள். ஜெட் (ஊசி நுழையும் பெட்ரோல் துளை) எப்படி இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால், எஸ்யூவின் எச்எஸ் வகையில் அதைப் பிரிட்ஜ் (வாயின் அடியிலுள்ள மேடு) மட்டத்துக்கு ஏற்றிவிட்டு, அறுகோண நட்டை 12 பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று, இறக்குங்கள். இன்ஜின் ஓடுகிற அளவுக்கு இது வரும்.

இப்போது ஹோஸோ கருவியோ எடுத்து அளந்து, காற்று அதிகம் இழுப்பதைக் குறைத்து, குறைவாக இழுப்பதைக் கூட்டுங்கள். ஒரு கைக்கு ஒரு ஸ்க்ரூ. கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்ப வேண்டாம். இரண்டும் சமமானதும் ஐட்லிங் வேகம் கூடவோ குறையவோ இருந்தால் இரண்டையும் ஒரே அளவு திருப்புங்கள்.

பிறகு மிக்ஸ்சர். கார்புரேட்டர் அடியிலுள்ள லிஃப்டிங் பின்னைக் கொண்டு பிஸ்டனைச் சுமார் 0.8 மி.மீ. தூக்குங்கள். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்), ஜெட்டை ஒரு பட்டை மேலே ஏற்றுங்கள். உடனே தளர்ந்து அணையப் பார்த்தால் லீன் (பெட்ரோல் குறைவு), ஒரு பட்டை கீழே இறக்குங்கள். லேசாக ஏறி உடனே பழைய வேகத்துக்கு வந்தால் சரி. ஒன்றில் செய்வது மற்றதையும் பாதிக்கும் என்பதால் மாறி மாறி இரண்டு மூன்று சுற்று பாருங்கள். இத்தனை நேரம் ஐட்லிங்கில் ஓடினால் பிளக்கில் கரி ஏறும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை 2,500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் ஓடவிட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியில் இணைப்புக் கம்பி. எம்ஜிபியில் லிங்க் பின்னுக்கும் அது தள்ளுகிற ஃபோர்க்கின் கீழ் விளிம்புக்கும் இடையே 0.012 அங்குலம், சுமார் 0.3 மி.மீ., இடைவெளி இருக்க வேண்டும். ஃபீலர் கேஜை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டே கிளாம்பை இறுக்குங்கள். இந்த இடைவெளி இல்லையென்றால் இணைப்புக் கம்பி ஐட்லிங்கிலேயே ஒரு த்ராட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். செய்த பேலன்ஸ் அதோடு போயிற்று.

ஐட்லிங்கில் கச்சிதமாக இருக்கிறது, 2,000 தாண்டினால் வித்தியாசம் காட்டுகிறது. ஏன்?

ஐட்லிங்கை ஸ்க்ரூ தீர்மானிக்கிறது, அதற்கு மேல் லிங்கேஜ். ஃபீலர் கேஜ் இல்லாமல் கிளாம்பை இறுக்கியிருப்பார்கள், அல்லது பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கும். இரண்டு பக்கமும் தனித்தனிக் கம்பி போகும் பழைய போர்ஷே 911 போன்ற ஏர்-கூல்டு இன்ஜின்களில் இன்னொரு காரணமும் உண்டு: சூடேறும்போது இன்ஜினே அகலத்தில் விரிகிறது, கம்பிகளின் நீளக் கணக்கு மாறுகிறது. அதைக் குளிர்ந்த நிலையில் சரி செய்வது வீண் வேலை.

வெபர் டிசிஓஇயில் ஒரே கார்புரேட்டரின் இரண்டு வாயும் வேறு வேறு எண் காட்டுகிறது.

இரண்டு த்ராட்டில் தகடும் ஒரே ஸ்பிண்டிலில்தான் இருக்கின்றன, ஆகவே ஸ்க்ரூவைத் திருப்பி இதைத் தீர்க்க முடியாது. ஸ்பிண்டில் லேசாக முறுக்கிக்கொண்டிருக்கலாம், அல்லது தகடு மையம் தவறியிருக்கலாம். பிந்தைய டிசிஓஇ மாடல்களில் வாய்க்கு ஒன்றாக ஏர் பைபாஸ் ஸ்க்ரூ உண்டு. இரண்டையும் முழுக்க மூடிவிட்டு அளங்கள். எந்த வாய் குறைவாகக் காட்டுகிறதோ அதன் பைபாஸை மட்டும் திறந்து மற்றதன் எண்ணுக்குக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு கார்புரேட்டரிலும் ஒன்றாவது மூடியே இருக்க வேண்டும். இரண்டையும் திறந்து வைத்து ஐட்லிங்கை ஏற்றிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு பெடலை மிதித்த கணத்தில் ஒரு பள்ளம் விழுகிறது, இன்ஜின் கணநேரம் சோர்கிறது என்று வருவார்கள்.

பைபாஸ் இல்லாத பழைய மாடலில் தகட்டைத் தளர்த்தி மறுபடி மையப்படுத்த வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர் தொடாமலிருப்பது நல்லது. தகட்டு ஸ்க்ரூ கழன்றால் நேரே சிலிண்டருக்குள்தான் போகும்.

ட்யூப்பும் தண்ணீரும் வைத்து மனோமீட்டர் செய்யலாம் என்கிறார்களே?

செய்யலாம், நுட்பமானதும்கூட. தெளிவான பிளாஸ்டிக் ட்யூபை யு வடிவில் பலகையில் கட்டி, பாதி நிரப்பி, ஒரு முனை ஒரு வேக்குவம் துளைக்கு, மறுமுனை மற்றதற்கு. அது காட்டுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். பாதரசத்தில் 1 மி.மீ. வித்தியாசம் தண்ணீரில் 13.6 மி.மீ. ஆகத் தெரியும் என்பதால் கண்ணுக்கு எளிது.

ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது. ஐட்லிங்கில் ஒரு நல்ல இன்ஜின் இழுப்பது 18 அங்குலப் பாதரச அளவு. தண்ணீரில் அது 6 மீட்டருக்கும் மேல். ஒரு முனை நழுவினால் உங்கள் பலகையிலுள்ள தண்ணீர் முழுவதும் கண் சிமிட்டுவதற்குள் இன்ஜினுக்குள் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது. வெள்ளைப் புகை, இருமல், அமைதி. பிளக்குகளைக் கழற்றிக் கிராங்க் செய்து வடித்ததோடு பிழைத்தேன். அதன் பிறகு தண்ணீருக்குப் பதில் எண்ணெய், இரு பக்கமும் வழியில் ஒரு சிறு காலி ஜாடி. நழுவினாலும் ஜாடியோடு நிற்கும். ட்யூபின் ஓரிடத்தைக் கிளிப்பால் நெருக்கி வைத்தால் மட்டம் துடிப்பதும் அடங்கும்.

இன்னொன்று. மேனிஃபோல்டில் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பேலன்ஸ் பைப் இருந்தால் அங்கே வேக்குவம் தானாகவே சமமாகிவிடும், மனோமீட்டர் "எல்லாம் சுபம்" என்றே சொல்லும். எஸ்யூ வண்டிகள் பலவும் இப்படித்தான். சிலிண்டருக்கு ஒரு வாய் உள்ள வெபர் அமைப்புக்கே வேக்குவம் முறை ஏற்றது.

பைக்குக்கு விற்கும் நான்கு குழாய் வேக்குவம் கேஜ்?

நான்கு வாய் வெபருக்கு அருமையாகப் பொருந்தும், ஒவ்வொரு ரன்னரிலும் (சிலிண்டருக்குப் போகும் காற்றுக் குழாய்) துளை இருந்தால். பெல்ஃபாஸ்டில் செய்யப்படும் கார்ப்ட்யூனில் பாதரசத்துக்குப் பதில் எஃகுக் கம்பிகள். பாதரசம் வைத்த பழைய கேஜ் யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பேன், விஷம்.

கலர்ட்யூன் வாங்கினால் பேலன்ஸும் ஆகிவிடுமா?

ஆகாது. அது கண்ணாடி வைத்த ஸ்பார்க் பிளக், சிலிண்டருக்குள் எரிவதைக் காட்டும். மஞ்சள் என்றால் ரிச், பன்சன் அடுப்பின் நீலம் என்றால் சரி, வெளிறிய நீலம் என்றால் லீன். மிக்ஸ்சருக்கு நல்ல துணை, ஆனால் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

கண்ணாடி இல்லாமலே பிளக்குகள் நிறையச் சொல்லும். எம்ஜிபியில் 1, 2 ஒரு இன்டேக் துளையைப் பகிர்கின்றன, 3, 4 மற்றதை. 1, 2 இரண்டும் கறுப்பு, 3, 4 வெளுப்பு என்றால் முன் கார்புரேட்டரைப் பாருங்கள். ஒரே ஒரு பிளக் மட்டும் கறுப்பு என்றால் கார்புரேட்டரை விட்டுவிட்டு அந்தச் சிலிண்டரைப் பாருங்கள்.

ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரைத் தொட்டு விட்டதும் வேறு வேறு எண் வருகிறது.

கருவியைச் சந்தேகிக்காதீர்கள். த்ராட்டில் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்து மூடுகிறது. ரிட்டர்ன் ஸ்பிரிங் சோர்ந்திருக்கும், கேபிள் பிடிக்கும், அல்லது ஸ்பிண்டில் தேய்ந்து சாய்ந்து அமரும். முதல் இரண்டும் பத்து நிமிட வேலை. மூன்றாவதற்கு ரீபுஷ் (புது புஷ் போடுவது) தவிர வழியில்லை, எவ்வளவு விலை கொடுத்த சிங்க்ரோமீட்டரும் அங்கே உதவாது.

ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டருக்கும் இதே முறையா?

ஏறக்குறைய. அதிலும் பிஸ்டன் எழும், ஆனால் தூக்குவது ரப்பர் டயாஃப்ரம். அது கிழிந்திருந்தால் அந்தப் பக்கப் பிஸ்டன் எழவே எழாது. முதலில் மூடியைத் திறந்து ரப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

எவ்வளவு வித்தியாசம் வரை விட்டுவிடலாம்?

காதுக்கும் கைக்கும் தெரியாத அளவு. சிங்க்ரோமீட்டர் முள்ளின் தடிமனுக்குள் அடங்கினால் நான் நிறுத்திவிடுவேன்.

வேலை செய்யும்போது பாதுகாப்புக்கு?

திறந்த வெளி, பக்கத்தில் தீயணைப்பான், கழுத்தில் சங்கிலியோ தொங்கும் துண்டோ வேண்டாம். ஃபேன் பெல்ட் ஓர் அடி தூரத்தில் சுற்றுகிறது. ஃபில்டர் இல்லாத வாய்க்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். லீனாக இருக்கும் இன்ஜின் பேக்ஃபயர் அடித்தால் நெருப்பு வருவது அந்த வழியாகத்தான்.

முடித்து ஃபில்டர் மாட்டியதும் ஐட்லிங் மாறிவிட்டதே?

லேசாக மாறினால் பரவாயில்லை, இரண்டு ஸ்க்ரூவையும் ஒரே அளவு திருப்புங்கள். நிறைய மாறினால் ஃபில்டர் கேஸ்கெட்டைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எஸ்யூவின் முகப்பில் சிறு காற்றுத் துளைகள் இருக்கின்றன, கேஸ்கெட்டிலும் அவற்றுக்கு நேராகத் துளைகள் இருக்கும். புரட்டி மாட்டினால் அவை அடைபட்டுப் பிஸ்டன் சரியாக எழாது.

டாஷ்பாட்டில் என்ன எண்ணெய் ஊற்றுவது?

எஸ்ஏஇ 20. கம்பிகளை எடுத்துவிட்டு டாம்பரை மாட்டும் முன் ஊற்றிவிடுங்கள், இரண்டிலும் ஒரே எண்ணெய். டாம்பரைக் கீழே அழுத்தும்போது மூடி இடத்தில் உட்காருவதற்கு முன்பே எதிர்ப்பு கையில் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் இன்னும் கொஞ்சம்.